ஜாம் போத்தலில் யன்னல் தண்ணீர்

ரோலா, ஷார்ஜா
22 டிசம்பர் 2024

நீலாவின் அப்பாவுக்கு,

'அன்பின்' என்று எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அது கோபம் ஆறியதும் வரும்.

நேற்றுப் போனை நான் பாதியில் வைத்தது சரியில்லைத்தான். ஆனால் நாங்கள் இருவரும் போனில் கதைக்கத் தொடங்கினால் மூன்றாவது நிமிடம் சண்டை. நீலா நடுவில் நின்று என் முகத்தையும் போனில் உங்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறாள். ஆகையால் ஒரு சட்டம் போட்டிருக்கிறேன். போனில் மகளோடு மட்டும் கதையுங்கள். எனக்குச் சொல்ல இருப்பதைத் தாளில் எழுதுங்கள். உங்கள் கம்பனி பிக்கப்பில் கிழமைக்கு ஒன்றிரண்டு தரம் ஜெயசீலன் அண்ணை ஷார்ஜாவுக்குச் சாமான் ஏற்ற வருகிறார்தானே, அவரிடம் கொடுத்துவிடலாம். "நான் டிரைவரோ தபால்காரனோ தங்கச்சி?" என்று கேட்டார். இரண்டும்தான் என்றேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என்னைக் கேட்காமல் எனக்கும் பிள்ளைக்கும் ஜனவரி 28ஆம் திகதி கொழும்புக்கு டிக்கெட் போட்டுவிட்டீர்கள். மாமிக்கும் சொல்லியாகிவிட்டது. அவ கோண்டாவிலில் எங்களுக்கென்று அறைக்கு வெள்ளையடிக்க ஆள் பிடித்துவிட்டா. ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு எனக்குத் தெரிகிறது. "இந்த ஊர் பிள்ளைக்கு ஒத்துவரேல்லை" என்பது உங்கள் தீர்ப்பு. நாலு வயதுப் பிள்ளை, பிறந்ததே இங்கேதான். மூன்று குளிர்காலம் ஒழுங்காக இருந்தவள் இந்தக் குளிர்காலம் மட்டும் ஏன் இருமுகிறாள்? ஊர் அதே ஊர். அறையும் அதே அறை. ஒக்டோபரில் நீங்கள் வேலைக்காக முசஃபாவுக்கு மாறிப் போனது ஒன்றுதான் புதிது.

எனக்கென்னவோ இருமல் வருத்தம் பிள்ளைக்கு இல்லை, அறைக்குத்தான் என்று படுகிறது. காலையில் எழும்பினால் யன்னல் கண்ணாடியின் உள்பக்கம் முழுக்கத் தண்ணீர். வழிந்து சட்டத்தில் தேங்கி, நீலாவின் கட்டில் பக்கச் சுவரை நனைக்கிறது. இன்று அதைத் துணியால் துடைத்து ஒரு வெறும் ஜாம் போத்தலுக்குள் பிழிந்தேன். ஒரு விரல் உயரம் வந்தது. பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். நீங்கள் மெக்கானிக், அளவில்லாமல் எதையும் நம்பமாட்டீர்கள்.

28ஆம் திகதிக்கு முன் இருமல் நின்றால் நாங்கள் போகமாட்டோம். இது என் தீர்ப்பு.

பிரஷாந்தி


முசஃபா
26 டிசம்பர் 2024

அன்பின் சாந்திக்கு,

நான் 'அன்பின்' போட்டிருக்கிறேன். என் கோபத்துக்கு அவ்வளவு ஆயுள் இல்லையென்று உமக்குத் தெரியும்.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு தாளில் இவ்வளவு நேரம் குனிந்திருப்பது இதுதான் முதல்தரம். கேம்ப் அறையில் என்னோடு ஐந்து பேர். என்னோடு வேலை செய்யும் ராமநாதபுரத்துக் கார்மேகம் எட்டிப் பார்த்து, "அண்ணே, லீவுக்கு மனு எழுதுறீங்களா?" என்று கேட்டான். பெண்சாதிக்கு என்றதும், "அப்ப அதுவும் மனுதான்" என்று போய்விட்டான்.

யன்னலைப் பற்றி நீர் எழுதியதை வாசித்தேன். ஒன்பது வருடமாக இந்த நாட்டில் ஏசி திருத்துகிறேன், ஆகவே இதையாவது நான் சொன்னால் கேளும். ஜூலையில் நம் யன்னலின் வெளிப்பக்கம் தண்ணீர் வழியுமே, நீரும் பார்த்திருக்கிறீர். உள்ளே ஏசிக் குளிர், வெளியே கடல் ஈரம். ஈரம் எப்போதும் வெளியேயிருந்துதான் வரும். இப்போது உள்ளே தெரிகிறது என்றால் யன்னல் சட்டத்து இடுக்கால் நுழைகிறது, அவ்வளவுதான். இரண்டு உருளை அலுமினிய டேப் அனுப்புகிறேன். எங்கெல்லாம் இடுக்கு இருக்கிறதோ அங்கெல்லாம் ஒட்டும். யன்னலைத் திறக்கவே வேண்டாம், பிள்ளைக்குக் குளிர்காற்றுப் படும். அம்மாவும் ஒரு விஷயம் சொன்னா: "மூண்டு நேரமும் ஆவி காட்டச் சொல்லு, சளி இளகும்." கேத்திலில் கொதிக்க வைத்துக் காட்டும்.

டிக்கெட் பற்றி உம்மைக் கேட்காதது பிழை. கேட்டால் மாட்டேன் என்பீர், அதனால்தான் கேட்கவில்லை. நான் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் மொட்டைமாடியில் நின்று பிள்ளை இருமுவதைப் போனில் கேட்கிறேன். கேட்ட பிறகு ஒரு ஸ்குரூ கழற்ற எனக்குப் பத்து நிமிடம் எடுக்கிறது. ஊரில் வெயிலும் காற்றும் இருக்கிறது, அம்மா இருக்கிறா. அதை யோசித்துத்தான் செய்தேன்.

நீலாவுக்கு ஒரு கொஞ்சல். உமக்கும், ஏற்றுக்கொண்டால்.

சஜீவன்


ரோலா
1 ஜனவரி 2025

நீலாவின் அப்பாவுக்கு,

புதுவருட வாழ்த்து. நீங்கள் சொன்னபடியே எல்லாம் செய்தேன், இல்லையென்று பிறகு சொல்லக் கூடாது. யன்னலைச் சுற்றி டேப் ஒட்டினேன். கதவின் அடியிலும் பழைய துவாயைச் சுருட்டி வைத்தேன். அறை இப்போது மூடிபோட்ட டிபன் கரியர்தான். ஆவி மூன்று நேரமும் காட்டுகிறேன். நீலா துவாய்க்குள் இருந்துகொண்டு பாட்டுப் பாடுகிறாள்.

போத்தலைச் சொல்கிறேன். 28ஆம் திகதி ஒன்றரை விரல். 30ஆம் திகதி இரண்டு. இன்று காலை இரண்டரை. இருமலும் அதே கணக்கில் ஏறுகிறது. முந்தி விடியப்புறம் மட்டும் இருந்தது, இப்போது படுத்தவுடன் தொடங்குகிறது.

அலுமாரியை இழுத்துப் பார்த்தேன். பின்சுவரில் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சணம். நீலாவின் குளிர்ச்சட்டைக் கையிலும் பிடித்திருக்கிறது. பக்கத்து அறை பத்மா அக்கா வந்து மணந்து பார்த்தா. அவ ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டில் பிறந்து வளர்ந்தவ. "நம்ம லயத்துல மழக்காலத்துல சொவரு இப்புடித்தான் வேர்க்கும் பிரஷாந்தி. மத்தியானம் வெயில் வந்தோன்ன கதவு சன்னல் எல்லாத்தையும் தெறந்து போட்டுடுவோம்" என்றா. அவவின் அறை யன்னல் காய்ந்துதான் கிடக்கிறது, நான் போய்த் தொட்டுப் பார்த்தேன். நானும் திறக்கட்டுமா? உங்களைக் கேட்காமல் செய்யமாட்டேன். எங்கள் வீட்டில் ஒருவராவது கேட்டுச் செய்ய வேண்டும்.

காலையில் பொதுக் குசினியில் பத்மா அக்காவின் முறை என்பதால் புட்டு இப்போதும் அறைக்குள் சின்ன அடுப்பில்தான் அவிக்கிறேன். உடுப்பையும் உள்ளேதான் காயப்போடுகிறேன். பல்கனியில் கொடி கட்டினால் காவல்காரர் வந்து நிற்கிறார், இந்த வருடம் புதிதாக அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள்.

இருபத்தேழு நாள் இருக்கிறது.

பிரஷாந்தி


முசஃபா
5 ஜனவரி 2025

சாந்தி,

ஏசி மெக்கானிக் நானா, பத்மா அக்காவா?

ஹட்டன் மலை, அங்கே மழை. இது பாலைவனம். அங்கே செய்ததை இங்கே செய்ய ஏலாது. யன்னலைத் திறந்து போட்டால் தூசியும் வரும், குளிரும் வரும். இருமுகிற பிள்ளைக்கு இரண்டும் ஆகாது. டேப் சரியாக ஒட்டவில்லைப் போல. இன்னொரு உருளை அனுப்புகிறேன். சட்டத்தை முதலில் துடைத்துக் காயவிட்டு ஒட்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வருவதாக நீலாவிடம் சொல்லியிருந்தேன். வர முடியாது. குளிர்காலத்தில்தான் எல்லாக் கட்டடத்துக்கும் வருடாந்த சேர்விஸ், போர்மன் யாரையும் விடுகிறாரில்லை. அவளுக்கு நீரே சொல்லும், எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

அம்மா அறைக்கு வெள்ளையடித்து முடித்துவிட்டாவாம்.

சஜீவன்


ரோலா
9 ஜனவரி 2025

நேற்று நீலாவுக்கு மூச்சு இழுத்தது. பத்மா அக்காவும் நானும் கிளினிக்குக் கொண்டுபோனோம். முகத்தில் மூடி போட்டுப் புகை மருந்து வைத்தார்கள். இப்போது பரவாயில்லை, நித்திரை கொள்கிறாள். போனில் சொன்னால் நீங்கள் வேலையை விட்டுவிட்டு ஓடி வருவீர்கள் என்றுதான் சொல்லவில்லை. டொக்டர் பொம்பிளை ஒரு கேள்வி கேட்டா: "வீட்டில் ஈரம் இருக்கிறதா?" நான் போத்தலைப் பற்றிச் சொன்னேன். அவ சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டா.

இன்று அலுமாரிக்கு மேலிருந்து பெட்டியை இறக்கினேன். நீங்கள் வென்றுவிட்டீர்கள். பிள்ளையை வைத்துக்கொண்டு நான் பிடிவாதம் பிடிக்க ஏலாது, போகிறோம். பெட்டிக்குள்ளும் பூஞ்சணம், துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

போத்தல் மூன்றரை விரல். இனி அளக்கமாட்டேன்.

பி.


முசஃபா
12 ஜனவரி 2025

என் அன்பின் சாந்திக்கு,

உமது கடிதம் பத்தாம் திகதி மத்தியானம் கிடைத்தது. அன்றிரவே போனில் உம்மோடும் நீலாவோடும் கதைத்தேன், நீரும் சட்டத்தை மீறினீர், நன்றி. இப்போது எழுதுவது வேறு விஷயம். இதை வாசித்துவிட்டு என்னைத் திட்டும். திட்டி முடித்த பிறகு மிச்சத்தை வாசியும்.

நேற்று ஒரு ஸ்டாஃப் கட்டடத்தில் ஏசி சேர்விஸ். நான் ஏணியில் நின்று மூடியைக் கழற்றித் தண்ணீர் விழுகிற தட்டை இழுத்தேன். கீழே நின்ற கார்மேகம் வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அண்ணே, ஆகஸ்ட்ல இந்தத் தட்டுலருந்து வாளி வாளியா புடிச்சோம். இப்பக் காஞ்சு கெடக்கு. அந்தத் தண்ணியெல்லாம் இப்ப எங்கண்ணே போவுது?" அவன் விளையாட்டாகத்தான் கேட்டான். நான் திரும்பிப் பார்த்தேன். அந்த அறையில் எட்டுப் பேர் தங்குகிறார்கள். யன்னல் முழுக்க உள்பக்கம் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

நான் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஏசி அறையைக் குளிராக்குவது மட்டுமில்லை சாந்தி. அறைக் காற்றிலிருக்கிற ஈரத்தைப் பிழிந்து குழாயால் வெளியே விடுகிறது. ஒன்பது வருடமாக அந்தக் குழாயைத்தான் ஊதி ஊதித் துப்பரவாக்கினேன். அது யாருடைய தண்ணீர் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. எங்கள் மூச்சும், புட்டுப்பானை ஆவியும், ஈர உடுப்பும்தான் அது. டிசம்பரில் குளிர் வந்ததும் எல்லோரும் ஏசியை நிற்பாட்டுகிறோம். ஈரம் அறைக்குள்ளேயே நின்று, அங்கே எது அதிகம் குளிர்ந்திருக்கிறதோ அதில் போய் ஒட்டுகிறது. இரவில் கண்ணாடிதான் குளிர். ஆக, அது வெளியேயிருந்து வரவில்லை. நான் உம்மை டேப் ஒட்ட வைத்து உள்ளே பூட்டி வைத்தேன். போதாததற்கு மூன்று நேரம் கேத்திலால் ஆவியும் ஏற்ற வைத்தேன்.

இன்னும் இருக்கிறது. போன மூன்று குளிர்காலமும் இருமல் இல்லை, இந்த முறை ஏன் என்று முதல் கடிதத்திலேயே கேட்டீர். செப்டெம்பரில் குளியலறைக்குள் புறா வந்து நீர் அலறியது நினைவிருக்கிறதா? எக்ஸாஸ்ட் ஃபேன் கழன்ற ஓட்டையால் வந்தது. நான் முசஃபாவுக்கு வெளிக்கிடுவதற்கு முதல்நாள், தனியாக இருக்கப்போகிறீரே, பயப்படக் கூடாதே என்று அந்த ஓட்டைக்குப் பலகை வைத்து நாலு ஸ்குரூ அடித்துச் சிலிக்கன் பூசினேன். "இனி ஒரு எறும்பும் வராது" என்று பெருமையாகச் சொன்னேன். எறும்பு வரவில்லைத்தான், காற்றும் போகவில்லை. அறைக்கு இருந்த ஒரே மூக்கை நானே என் கையால் அடைத்துவிட்டுப் போயிருக்கிறேன்.

ஜெயசீலன் அண்ணையிடம் ட்ரில்லும் வலை போட்ட ஒரு சின்ன ஃபேனும் கொடுத்துவிடுகிறேன். பலகையைக் கழற்றி அதைப் பூட்டித் தருவார். புட்டு அவிக்கும்போதும் குளிக்கும்போதும் ஃபேன் ஓட வேண்டும். டேப்பை எல்லாம் உரித்து எறியும். பனிமூட்டக் காலையில் வேண்டாம், பதினொரு மணிக்குப் பிறகு வெயிலில் யன்னலையும் கதவையும் அரை மணித்தியாலம் திறந்து விடும். இரவு படுக்க முன் ஏசியை 'ட்ரை'யில் ஒரு மணித்தியாலம் போடும், ரிமோட்டில் துளிப் படம் இருக்கும். பூஞ்சணத்தைப் பிள்ளை இல்லாத நேரம் முகத்தை மூடிக்கொண்டு துடையும். கேத்தில் ஆவி இனி வேண்டாம், அம்மாவுக்கு நான் சொல்கிறேன்.

பத்மா அக்காவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லும். அவதான் மெக்கானிக்.

சஜீவன்


ரோலா
19 ஜனவரி 2025

அன்பின் நீலாவின் அப்பாவுக்கு,

கவனித்தீர்களா? சரி.

13ஆம் திகதி ஜெயசீலன் அண்ணை வந்து கதிரைக்கு மேல் ஏறிப் பலகையைக் கழற்றினார். நீங்கள் அடித்த ஸ்குரூவைக் கழற்ற அரை மணித்தியாலம். "உன்ர மனிசன் கப்பலுக்குப் பூட்டுற மாதிரியெல்லே பூட்டியிருக்கிறான்" என்று ஏசிக்கொண்டே வேலை செய்தார். பலகைக்கு வெளியே புறாக்கூடு ஒன்று, குச்சியும் கம்பித் துண்டும். புறா எதிர்ப் பல்கனியில் இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஃபேன் போட்டதும் சுவரில் தொங்கிய கலண்டர் ஆடியது. காற்று நகர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

அளக்கமாட்டேன் என்றேன், ஆனாலும் அளந்தேன். 14ஆம் திகதி இரண்டு விரல். 16ஆம் திகதி ஒரு விரல்கூட இல்லை. இன்று துணி ஈரமானது, பிழிய வரவில்லை. முந்தாநாள் இரவு நீலா ஒரு தரம் இருமினாள். நேற்று இரவு ஒன்றும் இல்லை. இருமல் சத்தம் கேட்காதபடியால் எனக்கு நித்திரை வரவில்லை, எழும்பி எழும்பி மூக்கில் கை வைத்துப் பார்த்தேன். கிளினிக்கில் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு நல்லது என்றார்கள். ஒருவருக்குத்தான் மனக்குறை, காலையில் ஈரக் கண்ணாடியில் விரலால் படம் வரைந்துகொண்டிருந்தவளுக்கு. "யன்னல் காஞ்சு போச்சு அம்மா, இனி நான் எங்கை பூனை கீறுறது?" என்கிறாள். தாள் கொடுத்தேன், தாளில் வழுக்கவில்லையாம்.

உங்கள் கடிதத்தைப் பத்துத் தரம் வாசித்தேன். திட்டவில்லை. எனக்குப் பயம் என்று அடைத்த ஓட்டைதானே. எங்கள் வீட்டில் வந்த வருத்தம் முழுக்க அக்கறையால் வந்தது, அதை யாரிடம் போய் முறையிட?

ஆனால் ஒரு விஷயம். டேப்புக்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். ஆவிக்கும் பலகைக்கும் கேட்டிருக்கிறீர்கள். பத்மா அக்காவிடமும் கேட்டிருக்கிறீர்கள். டிக்கெட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. இருமல் நின்றுவிட்டது, டிக்கெட் அப்படியே இருக்கிறது. பிள்ளைக்காகத்தான் அது என்றால் இப்போது யாருக்காக? பெட்டி இன்னும் கட்டிலுக்குக் கீழேதான். நான் அதை மேலே வைக்கவும் இல்லை, நிரப்பவும் இல்லை.

உண்மையை எழுதுங்கள்.

பிரஷாந்தி


முசஃபா
22 ஜனவரி 2025

அன்பின் சாந்திக்கு,

மூன்று தாள் கிழித்துவிட்டேன். கார்மேகம் இப்போது என்னைக் கண்டால் சத்தமில்லாமல் வெளியே போய்விடுகிறான்.

இருமல் உண்மை. அதற்குப் பயந்ததும் உண்மை. ஆனால் டிக்கெட் போட்டதற்கு அது மட்டும் காரணமில்லை.

மாதத்தில் ஒரு ஞாயிறு வருகிறேன். பின்னேரம் ஐந்து மணிக்குத் திரும்பி வெளிக்கிட வேண்டும். நீலா என் சப்பாத்தை எடுத்துத் தலையணைக்குள் ஒளித்து வைக்கிறாள். நீர் சாப்பாட்டைக் கட்டித் தருகிறீர். ரோலா பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிற அந்தப் பத்து நிமிடம் எனக்கு ஏலவில்லை சாந்தி. நீங்கள் இரண்டு பேரும் ஊரில் இருந்தால் வருடத்தில் ஒருதரம் பிரிந்தால் போதும் என்று யோசித்தேன். பக்கத்தில் வைத்துக்கொண்டு பன்னிரண்டு தரம் பிரிவதைவிட அது லேசு என்று நினைத்தேன். அது பிள்ளைக்காக இல்லை, எனக்காக. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. இருமல் வந்தபோது காரணம் கையில் கிடைத்தது, பிடித்துக்கொண்டேன்.

உமது டைப்பிங் கடை வேலையையும், உமது விருப்பத்தையும், ஒன்றையும் கேட்கவில்லை. இதற்குத்தான் முதலில் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும்.

டிக்கெட்டை இன்னும் ரத்துச் செய்யவில்லை. இந்த முறை உம்மைக் கேட்டுத்தான் செய்வேன். போகிறோம் என்றால் விமான நிலையத்துக்கு வருவேன். நிற்கிறோம் என்றால் நிற்கலாம், சப்பாத்தை ஒளித்து வைத்தாலும் நான் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு போகப் பழகுவேன். நீர் எது சொன்னாலும் சரி.

சஜீவன்


ரோலா
25 ஜனவரி 2025

என் சஜீவனுக்கு,

டிக்கெட்டை ரத்துச் செய்யுங்கள். ஆனால் பெட்டி அடுக்கியாகிவிட்டது. 28ஆம் திகதி நானும் நீலாவும் வெளிக்கிடுகிறோம், கொழும்புக்கு இல்லை.

எங்கள் டைப்பிங் கடை முதலாளிக்கு முசஃபாவிலும் ஒரு கடை இருக்கிறது. அங்கே வேலை செய்யும் அஃப்னா பிரசவத்துக்குப் போகிறாள். போன கிழமையே கேட்டுவிட்டேன், சரி என்றார். அறைக்கும் நீங்கள் அலைய வேண்டாம். முசஃபா ஷாபியாவில் ஜெயசீலன் அண்ணையின் வீட்டில் ஒரு அறை காலியாகிறது, அவருடைய மனிசி கனகா அக்கா எங்களுக்கென்று வைத்திருக்கிறா. அண்ணை உங்களிடம் மூச்சுக் காட்டியிருக்கமாட்டார். தபால்காரன் கடிதத்தில் இருப்பதை வெளியே சொல்லக் கூடாது என்று சொல்லி வைத்தேன். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே இதெல்லாம் செய்துவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. இதோடு இரண்டு பேரும் சரி.

ஐந்து மணிக்கு நீங்கள் போன பிறகு நாங்கள் என்ன செய்வோம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. நீலா யன்னலில் நின்று பஸ் எண்ணுவாள். நான் பானை கழுவுவேன், கழுவின பானையையே திரும்பவும் கழுவுவேன். வருடத்தில் ஒருதரம் பிரிவது லேசு என்று நீங்கள் நினைத்தது பிழை. ஈரத்தைப் பற்றி நினைத்ததைப் போலவே முழுப்பிழை. இனி ஞாயிறு பின்னேரம் ஐந்து மணிக்கு உங்களுக்குப் போக இடமில்லை, வீட்டில் இருந்து தேத்தண்ணீர் குடிக்க வேண்டியதுதான்.

மாமியோடு கதைத்தேன். முதலில் கோபித்தா, பிறகு அழுதா, பிறகு புட்டு அவிக்கும்போது ஃபேன் போடச் சொன்னா. வெள்ளையடித்த அறை வீணாகாது, ஏப்ரலில் மூன்று பேரும் வந்து நிற்போம் என்று சொல்லியிருக்கிறேன். பத்மா அக்கா மட்டும்தான் என்னோடு கதைக்காமல் திரிகிறா. நாளைக்கு அவவுக்கும் ஒரு கடிதம் எழுத வேண்டும் போலிருக்கிறது.

கனகா அக்கா வீட்டு அறைக்கு நாளைக்கே போய்ப் பாருங்கள். யன்னல் திறக்கிறதா, கண்ணாடிக்குப் பக்கத்தில் கட்டில் போடாமல் இடமிருக்கிறதா என்று பாருங்கள். குளியலறை ஓட்டையில் புறா இருந்தால் இருக்கட்டும், வலை மட்டும் போடுங்கள். உங்கள் ட்ரில்லை நான் பிடுங்கி வைக்க வேண்டி வராது என்று நம்புகிறேன்.

இந்தக் கடிதத்தை அந்த ஜாம் போத்தலுக்குள் சுருட்டி வைத்து மூடி அனுப்புகிறேன். ஒரு கிழமையாக அதில் விட ஒன்றும் கிடைக்கவில்லை. தாள் நனைந்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். பார்த்துவிட்டுப் போத்தலை எறிந்துவிட வேண்டாம், கழுவி வையுங்கள். 28ஆம் திகதி நாங்கள் வந்ததும் தேத்தண்ணீருக்குச் சீனி போட்டு வைக்க ஒன்று வேண்டும்.

சாந்தி